அலாஸ்காவில் சத்சங்கப் பயணம்: காட்டு நடையும் நாம ஜபமும்

#1 வடக்குவாசல்

அனைவருக்கும் வணக்கம். ஜூன் கடைசி வாரம் எங்கள் சத்சங்கக் குழு அலாஸ்கா போகிறது. மொத்தம் 14 பேர். எழுபதைத் தாண்டிய பெரியவர்கள் மூன்று பேர், பள்ளிப் பிள்ளைகள் நான்கு பேர், மீதி எங்கள் வயதுக்காரர்கள். ஆங்கரேஜில் இறங்கி, டெனாலி தேசியப் பூங்காவில் சில நாள் தங்கி, ஃபேர்பேங்க்ஸ் வழியாகத் திரும்புவதாகத் திட்டம்.

சும்மா சுற்றிப் பார்க்கிற பயணமாக இதை நாங்கள் நினைக்கவில்லை. காலையில் சகஸ்ரநாமப் பாராயணம், பகலில் காட்டு நடை, மாலையில் பஜனையும் கொஞ்சம் பேச்சும் என்று ஒழுங்காக நடத்த ஆசை. ஊரில் வாரம் ஒரு மணி நேரம் கூடுகிறோம், பாடுகிறோம், பிரசாதம் சாப்பிட்டுக் கலைகிறோம். ஒருவரை ஒருவர் சரியாகத் தெரிந்துகொள்ள நேரமே இருப்பதில்லை. சேர்ந்து நடந்தால் அது மாறும் என்று நம்புகிறேன்.

எனக்கு மூன்று கேள்விகள். சூரியன் மறையவே யோசிக்கிற ஊரில் சந்தியாவந்தனத்துக்கு எது நேரம்? நடுவில் ஏகாதசி வேறு வருகிறது. அடுத்தது, கரடி நடமாடும் இடத்தில் நைவேத்தியம், கற்பூரம், ஊதுபத்தி எல்லாம் சரிப்படுமா? கடைசியாக, பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து நடக்கிற மாதிரி பாதைகள் எவை? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 தாசன்_அடியேன்

சுவாமி, அடியேன் ஃபேர்பேங்க்ஸில் சில வருஷம் வேலை பார்த்தவன். முதல் கேள்விக்கு மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அங்கே போன புதிதில் அடியேனை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான்.

நீங்கள் போகிற மூன்று இடங்களுமே ஆர்க்டிக் வட்டத்துக்குத் தெற்கே இருக்கின்றன. அதனால் சூரியன் மறையவே மறையாது என்பது இங்கே பொருந்தாது. மறையும், ஆனால் உடனே வந்துவிடும். ஜூன் 21 வாக்கில் ஃபேர்பேங்க்ஸில் அஸ்தமனம் நள்ளிரவு தாண்டி 12.47 சுமாருக்கு, உதயம் 2.57 சுமாருக்கு. நடுவில் இருக்கிற இரண்டு மணி நேரமும் இருட்டு கிடையாது. வெளியே நின்று புத்தகம் படிக்கலாம். ஆங்கரேஜ் இன்னும் தெற்கே என்பதால் உதயம் 4.20, அஸ்தமனம் 11.42 என்று கொஞ்சம் நிதானமாக இருக்கும். டெனாலி இரண்டுக்கும் நடுவில்.

இன்னொன்றும் கவனியுங்கள். கோடைக்காலக் கடிகாரமும் தீர்க்கரேகையும் சேர்ந்து அங்கே சூரிய உச்சியைப் பிற்பகல் 2 மணிப் பக்கம் தள்ளிவிடுகின்றன. கடிகாரத்தில் 12 ஆனதும் மாத்யாந்நிகம் (உச்சிவேளைச் சந்தி) என்று உட்கார்ந்தால் சூரியன் இன்னும் கிழக்குப் பக்கமாகவே இருக்கும்.

ஏகாதசிக்கு இந்தியப் பஞ்சாங்கத்தை அப்படியே எடுத்துப் போகாதீர்கள். திதி தொடங்குவதும் முடிவதும் உலகம் முழுக்க ஒரே கணம்தான், ஆனால் அலாஸ்கா கோடையில் இந்தியாவுக்குப் பதிமூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அங்கே உதய வேளையில் என்ன திதி என்று பார்த்தால் விரத நாள் ஒரு தேதி முன்னதாக வரலாம். இன்னொரு நுணுக்கமும் உண்டு. அருணோதயம் என்பது உதயத்துக்கு முன் நான்கு நாழிகை, அதாவது 96 நிமிஷம். ஃபேர்பேங்க்ஸில் 2.57க்கு உதயம் என்றால் 1.21க்கு அருணோதயம், சூரியன் மறைந்து அரை மணி நேரம்தான் ஆகியிருக்கும்! தசமி வேதை (அருணோதயத்தில் தசமி இன்னும் மிச்சம் இருப்பது) பார்க்கிறவர்கள் ஊர்ப் பெயர் கொடுத்துக் கணக்குப் போடும் பஞ்சாங்க மென்பொருளில் பார்த்துவிட்டு, தங்கள் ஆசாரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. அதுவும் கிளம்புவதற்கு முன்பே. டெனாலியில் பல இடங்களில் போனுக்குச் சிக்னல் கிடைக்காது.

அடியேன் செய்தது இது. சாயங்கால அர்க்கியத்தை அஸ்தமனத்தோடு சேர்த்தேன், தூக்கம் கெட்டாலும். காலை அர்க்கியமும் அப்படியே. ஆனால் பெரியவர்களை இதற்கு இழுக்காதீர்கள். அவர்கள் தூங்க வேண்டும். தூக்கமில்லாத பயணத்தில் முதலில் கெடுவது மூட்டு, அப்புறம் மனசு. அறை ஜன்னலுக்கு இருட்டுத் திரை இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள், கண்ணுக்கு மூடித்துணியும் எடுத்துப் போங்கள்.

#3 கரடிச்சுவடு

வணக்கம் வடக்குவாசல். இரண்டாவது கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். காட்டுயிர்ப் பணியில் இருக்கிறேன், அலாஸ்காவில் களவேலையும் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் கண்டிப்பாகத்தான் எழுதுவேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கரடிக்கு மூக்குதான் எல்லாம். சாப்பாடு மட்டும் வாசனைப் பொருள் என்று நினைக்காதீர்கள். நெய், கற்பூரம், ஊதுபத்தி, சந்தனம், பற்பசை, சோப்பு, முகத்துக்குப் போடுகிற கிரீம், பூஜைப் பையில் இருக்கிற திராட்சை, கற்கண்டு எல்லாமே அதில் சேர்த்திதான். முகாமில் தங்குவதானால் உணவுப் பொருளுக்கென்று கரடி திறக்க முடியாத இரும்புப் பெட்டி வைத்திருப்பார்கள். பூஜைப் பை முழுசாக அதற்குள் போக வேண்டும். கூடாரத்துக்குள் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கக் கூடாது. இதில் தயவுதாட்சண்யமே வேண்டாம்.

நைவேத்தியம் பண்ணுங்கள், ஆனால் அறைக்குள் அல்லது முகாமின் சாப்பாட்டு மேசையில். பண்ணியதை உடனே அனைவரும் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி உள்ளே வைத்துவிட வேண்டும். 'காக்கைக்கு ஒரு பிடி' என்று பாறைமேல் வைக்கிற பழக்கத்தை அங்கே முழுசாக நிறுத்திவையுங்கள். மனிதச் சாப்பாட்டை ஒருமுறை ருசி பார்த்த கரடி திரும்பத் திரும்ப வரும். கடைசியில் அதைச் சுட்டுக் கொல்ல வேண்டிய நிலை வந்துவிடும். நாம் புண்ணியம் என்று வைத்த ஒரு பிடி சாதம் ஒரு உயிரை எடுத்துவிடக் கூடாது.

தீ: நடைபாதைகளில் எதையும் கொளுத்தாதீர்கள். முகாமில் அடுப்பு வளையம் இருக்கிற இடத்தில் மட்டும் தீ மூட்டலாம், அதுவும் அன்றைக்குத் தடை இல்லை என்றால். ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரக் காடு காய்ந்திருக்கும்போது ஒரு கற்பூரத் துண்டு போதும். ஆரத்திக்கு அறையில் பேட்டரி விளக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கரடி ஸ்பிரே (பாய்ந்து வரும் கரடியை நோக்கி அடிக்கிற காரத் தெளிப்பான்) கட்டாயம் வேண்டும். விமானத்தில் கைப்பையிலும் விடமாட்டார்கள், பெட்டியிலும் விடமாட்டார்கள். ஆங்கரேஜில் இறங்கித்தான் வாங்க வேண்டும். குழுவின் முன்னால் நடப்பவரிடம் ஒன்று, பின்னால் வருபவரிடம் ஒன்று. பைக்குள் புதைக்காமல் இடுப்பில் மாட்டியிருக்க வேண்டும்.

டெனாலியில் கரடியிலிருந்து 300 கஜம் தள்ளி நிற்க வேண்டும் என்று விதி. மூஸ் (பெரிய மான் வகை), கரிபு (பனிமான்), டால் ஆடு (மலைக் காட்டு ஆடு), ஓநாய் இவற்றிலிருந்து 25 கஜம். மூஸ் என்றால் மாடு மாதிரி சாது என்று நினைத்துவிடாதீர்கள். மே, ஜூனில் கன்று போட்ட தாய் மூஸ் சட்டென்று பாயும். மூஸ் துரத்தினால் ஓடி ஒரு பெரிய மரத்துக்குப் பின்னால் போய்விடுங்கள். கரடி எதிரே வந்தால் மட்டும் ஓடவே கூடாது. இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகளுக்குக் கிளம்பும் முன்பே மனப்பாடம் ஆக்கிவிடுங்கள்.

#4 ஈரமண்

அண்ணா, பாதைகளை நான் சொல்கிறேன்.

டெனாலிக்குள் ஒரே சாலைதான், 92 மைல். சொந்தக் காரில் 15ஆவது மைல் வரை, அதாவது சாவேஜ் ஆறு வரை போகலாம். அதற்கு மேல் பேருந்துதான். 2021 ஆகஸ்டில் பிரிட்டி ராக்ஸ் என்ற இடத்தில் நிலம் சரிந்து சாலையையே இழுத்துக்கொண்டு போய்விட்டது. உறைந்து கிடந்த நிலத்தடி மண் வெப்பத்தில் இளகியதுதான் காரணம். அதன்பின் பேருந்துகள் 43ஆவது மைலோடு திரும்பிவிடுகின்றன. நீங்கள் போகும் வருஷம் பாலம் திறந்துவிட்டதா என்று பூங்காவின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரியவர்களுக்கு: சாவேஜ் ஆற்றைச் சுற்றிவரும் இரண்டு மைல் பாதை. ஆற்றின் இரு கரையும் பெரும்பாலும் சமதளம், இலவசப் பேருந்தும் அங்கே வரும். முடியாதவர்கள் தொடக்கத்திலேயே கரையில் உட்காரலாம், குறை ஒன்றும் இல்லை. பிள்ளைகளோடு: ஹார்ஸ்ஷூ ஏரி. இறங்கும்போது சுலபம், திரும்பும்போது ஏற்றம், அதை மட்டும் மனசில் வையுங்கள். நீர்நாய் மாதிரியான பீவர்கள் கட்டிய அணையை அங்கே பார்க்கலாம். கால் வலுவுள்ளவர்களுக்கு: சாவேஜ் ஆல்பைன் பாதை, நான்கு மைல், மேலே ஏறினால் மரங்கள் முடிந்து வெறும் தூந்திரம், அதாவது குட்டைச் செடிகள் மட்டும் வளர்கிற குளிர்வெளி.

தூந்திரத்தில் பாதை இல்லாத இடத்தில் நடந்தால் ஒருவர் பின் ஒருவராக வரிசையாகப் போகாதீர்கள். பூங்காவே பரவி நடக்கத்தான் சொல்கிறது. அங்கே செடி வளர்கிற காலம் ரொம்பக் குறுகியது. பதினான்கு பேர் ஒரே தடத்தில் மிதித்தால் அந்தத் தடம் ஆற வருஷக்கணக்கில் ஆகும்.

பூ பறிக்கக் கூடாது, பூஜைக்கு என்றாலும். ஜூனில் நீலக் கண் மாதிரி குட்டிக் குட்டியாகப் பூத்திருக்கும் ஃபர்கெட்-மி-நாட், அந்த மாநிலப் பூ. குனிந்து பாருங்கள், நடுவில் மஞ்சள் வளையம் இருக்கும். பறிக்காமல் அந்த இடத்திலேயே மனசால் அர்ச்சனை பண்ணிவிட்டு நகருங்கள். நம் மரபில் மானச பூஜைக்கு இடம் உண்டே.

#5 மலைமௌனம்

மன்னிக்கவும், ஒரு மாற்றுக் கருத்தைச் சொல்லியாக வேண்டும்.

பஜனை என்கிறீர்கள். 14 பேர் கை தட்டிப் பாடினால் அந்தப் பள்ளத்தாக்கு என்ன ஆகும்? உலகத்தில் மனிதச் சத்தம் கேட்காத இடங்கள் விரல் விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துவிட்டன. டெனாலியில் இயற்கையின் ஒலியைக் கருவி வைத்துப் பதிவு செய்து, அதையும் ஒரு வளமாகவே கருதிப் பாதுகாக்கிறார்கள். எங்கிருந்தோ காசு சேர்த்து அந்த அமைதிக்காகவே வருகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படி வந்தவன். பாதையில் யாரோ கைப்பேசி ஸ்பீக்கரில் பக்திப் பாட்டு போட்டுக்கொண்டு நடந்தார்கள். பாட்டு எனக்கும் பிடித்த பாட்டுதான். இருந்தாலும் அன்றைக்கு அது மனசை உறுத்தியது.

கடவுளைத் தேடிக் காட்டுக்குப் போனவர்கள் எல்லாம் நம் மரபில் வாயை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்தார்கள். பாடுவதற்கு ஊரில் இடம் இருக்கிறது. அங்கே கேட்பதற்கு மட்டும் போங்களேன்.

#6 கரடிச்சுவடு

மலைமௌனம் சொல்வதில் ஸ்பீக்கர் பற்றிய பகுதியை அப்படியே ஏற்கிறேன். அதற்கு மேல் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது.

கரடி நாட்டில் சத்தம் போட்டுக்கொண்டு நடக்கச் சொல்வதே பூங்காக்காரர்கள்தான். தாக்குதல்கள் பல, கரடி திடுக்கிட்டதால் நடப்பவை. தலைக்கு மேல் வளர்ந்த வில்லோ புதர், வளைவு, இரைச்சலான ஓடை, எதிர்க்காற்று, இந்த இடங்களில் மனிதக் குரல் கேட்டாக வேண்டும். கடையில் விற்கிற கரடி மணி பிரயோஜனம் இல்லை, அதன் சத்தம் எட்டாது. குரல்தான் நல்லது. ஒருவர் சொல்ல மற்றவர்கள் திருப்பிச் சொல்கிற நாமாவளி இதற்கு எவ்வளவு பொருத்தம் என்று பாருங்கள். முன்னால் போகிறவர் 'கோவிந்தா' என்றால் பின்னால் வருகிறவர்கள் பதில் சொல்வார்கள். கரடிக்கும் தெரிந்துவிடும், குழுவில் யாரும் பின்தங்கவில்லை என்று நமக்கும் தெரிந்துவிடும். நான் களத்தில் சக ஊழியர்களோடு போகும்போது 'ஹே பேர், ஹே பேர்' என்று கத்திக்கொண்டே நடப்போம். நாமம் அதைவிடப் பல மடங்கு மேல்.

ஆனால் திறந்தவெளி வந்ததும் நிறுத்திவிட வேண்டும். ஆற்றுப் படுகை, மேட்டுத் தூந்திரம், இங்கெல்லாம் கண்ணுக்கு எட்டின தூரம் தெரியும், குரல் தேவையில்லை. அங்கே பாடினால் டால் ஆட்டு மந்தை மேலே ஏறிப் போய்விடும். கூட்டில் இருக்கிற பறவை முட்டையை விட்டுப் பறந்தால் முட்டை குளிர்ந்துவிடும்.

#7 வடக்குவாசல்

மலைமௌனம் ஐயா, உங்கள் பதிவை எங்கள் குழுவில் உரக்கப் படித்தேன். ஒரு பெரியவர் உடனே, 'அவர் சொல்றது சரி, ஜால்ரா வேண்டாம்' என்றார். ஜால்ராவும் கஞ்சிராவும் வீட்டிலேயே இருக்கும். ஹார்மோனியம் எடுத்து வருவதாக இருந்தவரும் ஒத்துக்கொண்டார்.

கரடிச்சுவடு அண்ணா, புதருக்குள் நாமாவளி, வெளியில் வந்தால் மனசுக்குள் ஜபம். இதை எங்கள் நடைமுறையாகவே எடுத்துக்கொள்கிறோம். முன்னால் போகிறவர் கையைத் தூக்கினால் நிறுத்துவது என்று பிள்ளைகளுக்குச் சொல்லியாயிற்று.

மாலைக் கூடுகைக்குப் பூங்காவில் அனுமதி எதுவும் வாங்க வேண்டுமா?

#8 தாசன்_அடியேன்

அமெரிக்கத் தேசியப் பூங்கா விதிப்படி கூட்டு வழிபாட்டுக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். 25 பேருக்கு மிகாத சிறு குழு, அதற்கென்று பூங்கா ஒதுக்கிய இடத்தில் கூடினால் சீட்டு தேவையில்லை. நீங்கள் 14 பேர்தான் என்றாலும் பார்வையாளர் மையத்தில் 'எங்கே கூடலாம்' என்று கேட்டுவிடுங்கள், அவர்களே இடம் காட்டுவார்கள். முகாமில் இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம். வெளியே பளீரென்று வெளிச்சம் இருப்பதால் மணி பத்தானது தெரியாது. ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

#9 ஜெபமாலை

சகோதரர்களே, நான் கிறிஸ்தவள். தலைப்பைப் பார்த்து ஆசையோடு உள்ளே வந்தேன். வட காட்டில் பக்தர்கள் கூட்டமாக நடக்கிற வழக்கம் அங்கே முன்பிருந்தே இருக்கிறது. அதையும் சொல்லலாம் என்று தோன்றியது.

கோடியாக் தீவுக்குப் பக்கத்தில் ஸ்புரூஸ் தீவு என்று ஒரு சின்னத் தீவு. 1794இல் ரஷ்யாவின் வாலாம் மடத்திலிருந்து அலாஸ்காவுக்கு வந்த துறவிகளில் ஒருவர் ஹெர்மன். பிறகு இந்தத் தீவில் தனியாகக் குடில் போட்டு வாழ்ந்தார். அநாதைப் பிள்ளைகளை வளர்த்தார். ரஷ்ய வணிகக் கம்பெனிக்காரர்கள் அந்த மண்ணின் மக்களைக் கொடுமைப்படுத்தியபோது மக்கள் பக்கம் நின்று பேசினார். 1970 ஆகஸ்டில் கோடியாக்கில் அவரைப் புனிதராக அறிவித்தார்கள். ஒவ்வொரு ஆகஸ்டும் யாத்திரிகர்கள் கோடியாக்கிலிருந்து படகில் போய், மாங்க்ஸ் லகூன் என்ற கரையில் இறங்கி, காட்டுக்குள் நடந்து அவர் அடக்கம் செய்யப்பட்ட இடத்தில் இருக்கிற சிறிய தேவாலயத்துக்குப் போகிறார்கள்.

நானும் அந்தக் கூட்டத்தில் போயிருக்கிறேன். வானுயர்ந்த ஸ்புரூஸ் மரங்கள், அடியிலிருந்து கிளை வரை பாசி. காலடியிலும் பாசிதான், நடக்கிற சத்தமே வராது. யாரும் யாரிடமும் 'அமைதி' என்று சொல்லவில்லை, தானாகவே பேச்சு நின்றுவிட்டது. தேவாலயத்தை நெருங்கும்போது முன்னால் போனவர்கள் பாட ஆரம்பித்தார்கள், அது அப்படியே பின்வரிசை வரைக்கும் வந்தது. மொழி எனக்குப் புரியவில்லை. எனக்குப் பக்கத்தில் அந்த மண்ணின் அலூட்டிக் இனத்து வயதான அம்மா ஒருவர் நடந்தார். வேரில் கால் தடுக்கும் இடமெல்லாம் ஒன்றும் சொல்லாமல் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். ஜெபத்தில் ஐக்கியம் என்று சபையில் எவ்வளவோ கேட்டிருக்கிறேன், எனக்கு அது அந்தக் கையில்தான் இருந்தது.

நீங்கள் ஜூனில் போவதால் இந்த யாத்திரை கிடைக்காது. ஆங்கரேஜிலிருந்து டெனாலிக்குக் காரில் போவதானால், வழிக்குச் சற்று அருகே எக்லூட்னா என்ற கிராமம் இருக்கிறது. அங்கே டெனைனா பழங்குடி மக்களின் கல்லறைகள் மேல் சிறு சிறு வண்ண மரவீடுகள் கட்டி வைத்திருப்பார்கள். பக்கத்தில் புனித நிக்கோலாஸ் தேவாலயம். கல்லறைகளுக்கு நடுவில் நடக்காமல் ஓரமாக நின்று பார்த்து வாருங்கள்.

#10 பிறைநிலா

சகோதரி சொன்னது நெஞ்சைத் தொட்டது. நேரம் பற்றிய கேள்விக்கு எங்கள் பக்கத்திலிருந்து ஒரு வரி: பகல் அளவுக்கு மீறி நீளும் வட ஊர்களில் நோன்பு வரும்போது, மக்காவின் நேரத்தையோ இரவுபகல் ஒழுங்காக இருக்கிற பக்கத்து ஊரின் நேரத்தையோ எடுத்துக்கொள்ளலாம் என்று அறிஞர்கள் வழி சொல்லியிருக்கிறார்கள். உடம்பை வருத்தி முடியாமல் போகக் கூடாது என்பதுதான் அதன் நோக்கம். உங்கள் பெரியவர்களுக்கும் உங்கள் ஆசாரியர்கள் அப்படி ஒரு வழி சொல்வார்கள்.

#11 ஈரமண்

மலைமௌனம் அண்ணா 'கேட்பதற்கு மட்டும் போங்கள்' என்றாரே, எதைக் கேட்பது என்று சொல்லத்தான் மறுபடி வந்தேன்.

சாயங்காலம் பத்து மணிக்கு முன்னதாக (வெயில் சாய்ந்து பொன்னிறமாக இருக்கும்) ஸ்புரூஸ் மரங்களுக்கு நடுவில் உட்காருங்கள். வேரீட் த்ரஷ் என்று ஒரு பறவை. ஒரே ஒரு சுரத்தை நீளமாக இழுக்கும், தம்புராவில் ஒரு தந்தியை மட்டும் மீட்டினது போல. நிறுத்தும். சில நொடி கழித்து வேறொரு சுருதியில் இன்னொரு இழுப்பு. நடுவில் இருக்கிற அந்த இடைவெளியில்தான் மனசு அடங்கும். ஜபத்துக்கு உட்கார்ந்தவர்கள் ஒரு மூச்சுக்கு ஒரு நாமம் என்று அதோடு சேர்த்துப் பாருங்கள். மேட்டுப் பக்கம் போனால் பொன்முடிச் சிட்டு ஒன்று மூன்று சுரங்களை இறங்குவரிசையில் பாடும். பிள்ளைகள் அதைச் சீக்கிரம் பிடித்துவிடுவார்கள்.

கண்ணுக்கு: சாலையோரம் ஃபயர்வீட் வளர்ந்து நிற்கும். ஜூன் கடைசியில் அங்கங்கே பூக்கத் தொடங்கும். காடு எரிந்த இடத்தில் முதலில் முளைப்பவற்றில் இதுவும் ஒன்று. கீழிருந்து மேலாகப் பூக்கும், உச்சிப்பூ பூத்துவிட்டால் கோடை முடிந்தது என்பார்கள் அந்த ஊர்க்காரர்கள்.

இலை அகலமாக, வெள்ளைப் பூக்கொத்து குடை மாதிரி விரிந்து நிற்கும் கௌ பார்ஸ்னிப் என்ற செடியைத் தொடாதீர்கள். அதன் சாறு பட்ட இடத்தில் வெயில் விழுந்தால் கொப்புளம் வரும். அரைக்கால் சட்டை போட்ட பிள்ளைகளுக்குத்தான் அதிகம் படும். கொசுவும் ஜூனில் உச்சத்தில் இருக்கும். தலைக்கு வலை எடுத்துப் போங்கள், கண் மூடித் தியானம் பண்ணுகிறவர்களுக்கு அது இல்லாமல் முடியாது.

#12 மலைமௌனம்

ஜால்ராவை வீட்டில் வைக்கிறார்கள் என்று படித்ததும் மகிழ்ச்சி. புதருக்குள் குரல் வேண்டும் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன், உயிர் விஷயம். ஆனால் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். பாதையில் எதிரே வேறு மனிதர்கள் வந்தால் பாட்டை நிறுத்தி, ஒதுங்கி, வழி விடுங்கள். அவர்களும் தங்கள் மனசில் எதையோ ஏந்திக்கொண்டுதான் வருகிறார்கள்.

#13 தாசன்_அடியேன்

நியாயமான வேண்டுகோள். பாகவதர்களுக்கு அழகும் அதுதான்.

வடக்குவாசல் சுவாமி, குழுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. சத்சங்கப் பயணங்களில் மனஸ்தாபம் வருவது தத்துவத்தால் இல்லை, நடை வேகத்தால். வேகமாக நடப்பவர்கள் முன்னே போய்விடுவார்கள். மெதுவாக வருகிறவர் 'என்னால்தானே எல்லாருக்கும் தாமதம்' என்று மனசுக்குள் குறுகிப் போவார், மறுநாள் முட்டி வலி என்று அறையிலேயே இருந்துவிடுவார். அதனால் குழுவிலேயே மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள். அவர் வேகம்தான் அன்றைய வேகம். ஒரு பெரியவருக்கு ஒரு பிள்ளை என்று ஜோடி சேர்த்துவிடுங்கள். பிள்ளை தண்ணீர் பாட்டிலைத் தூக்கட்டும், பெரியவர் கதை சொல்லட்டும். ஜோடியைத் தினமும் மாற்றுங்கள். வாரம் முடியும்போது எல்லாரும் எல்லாரோடும் நடந்திருப்பார்கள். நீங்கள் முதல் பதிவில் ஏங்கின நெருக்கம் பெரும்பாலும் அந்த நடையிலேயே கிடைத்துவிடும், மாலைப் பேச்சு வரை காத்திருக்க வேண்டியதில்லை.

அப்புறம், டெனாலி சிகரம். 20,310 அடி, வட அமெரிக்காவிலேயே உயரமானது. ஆனால் தன் மேகத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிற மலை அது. கோடையில் போகிறவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத்தான் தரிசனம் என்பது அங்கே எல்லாரும் சொல்வது. அதை முதல் நாளே குழுவிடம் சொல்லிவிடுங்கள். மலை தெரியாத நாளில் முகம் தொங்கிப் போகிறவர்களுக்குக் காலடியில் ஈரமண் சொன்ன அந்த நீலப்பூ கண்ணில் படாது.

#14 வடக்குவாசல்

மெதுவாக நடப்பவர் முன்னால் என்று சொன்னதும் எங்கள் மாமி ஒருவர், 'அப்போ நான்தான் கோஷ்டிக்கு முதல்' என்று சிரித்தார். முதலில் வர மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்.

கடைசியாக இரண்டு சந்தேகம். ஆசமனத்துக்கு ஆற்றுத் தண்ணீரை எடுக்கலாமா? பனியாற்றுத் தண்ணீர், சுத்தமானது என்று நினைக்கிறார்கள். சாவேஜ் ஆற்றில் இறங்கி ஸ்நானம் பண்ணவும் ஒருவர் ஆசைப்படுகிறார்.

#15 கரடிச்சுவடு

இரண்டும் வேண்டாம்.

பார்க்கத் தெளிவாக இருந்தாலும் ஓடை நீரில் ஜியார்டியா கிருமி இருக்கலாம். பீவரும் மற்ற விலங்குகளும் அதைப் பரப்புகின்றன. மூன்று உத்தரணி தண்ணீர்தானே என்று குடித்தால் வயிற்றுப்போக்கு வாரக்கணக்கில் விடாது. கொதிக்க வைத்து ஆறின நீரைப் பாட்டிலில் எடுத்துப் போய் அதில் ஆசமனம் பண்ணச் சொல்லுங்கள். சாம்பல் நிறத்தில் ஓடும் பனியாற்று நீரில் பாறைப் பொடி வேறு கலந்திருக்கும், வடிகட்டியைக்கூட அடைத்துவிடும்.

ஸ்நானம் பற்றி: அந்த ஆறுகளின் நீர் கோடையிலும் உறைநிலைக்குக் கொஞ்சம்தான் மேலே. பெரியவர்களுக்குச் சில நிமிஷத்திலேயே கை கால் மரத்து, நெஞ்சு அடைக்கும். கரையில் நின்று விரல் நுனியால் தலையில் தெளித்துக்கொண்டால் போதும். அதுவும் சாவேஜ் மாதிரிக் கரை உறுதியான இடத்தில் மட்டும். பனியாறுகளில் காலையில் முழங்கால் அளவு இருக்கிற நீர், பகல் வெயிலில் பனி உருகி, மாலைக்குள் இடுப்புக்கு வந்துவிடும். பாதை ஆற்றைக் கடக்கச் சொன்னால் உங்கள் குழு அங்கிருந்தே திரும்பிவிடட்டும்.

கிளம்புகிற அன்று பார்வையாளர் மையத்தில் கரடி நடமாட்டத்தால் மூடிய பகுதிகள் எவை என்று ஒரு பலகை வைத்திருப்பார்கள். தினமும் காலை முதல் வேலையாக அதைப் பார்த்துவிட்டு, அப்புறம் அன்றைய பாதையை முடிவு பண்ணுங்கள். மாமிக்கு நல்ல பிடிமானமுள்ள காலணி வாங்கிக் கொடுத்து, பயணத்துக்கு முன்பே ஒரு மாதம் போட்டு நடந்து பழகச் சொல்லுங்கள்.